தெருக் காத்த அம்மையார்

நாடா வெட்டி விழா நடத்துவது உலகெங்கும் உள்ள வழக்கம். பாலமா, வெட்டு நாடாவை! பாதையா, வெட்டு நாடாவை! தட்டிலே கத்தரிக்கோலை வைத்து நீட்டுவார்கள்; பதவியில் இருப்பவர் பல் தெரியச் சிரித்தபடி வெட்டுவார்; படம் பிடிப்பார்கள்; பத்திரிகையிலே போடுவார்கள். ஆனால் நியூயார்க் மாநகரிலே, 1958 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள், நாடா கட்டும் விழா ஒன்று நடந்தது. ஆம் தோழர்களே, கட்டும் விழா! வாஷிங்டன் சதுக்கம் என்னும் பூங்காவின் நடுவே மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்த பாதையை மறித்து, இனி இவ்வழியே வண்டிக்கு வேலையில்லை, நடப்பவர்க்கே உரிமை என்று ஊரறிய உரைக்கும் வகையிலே நாடாவைக் கட்டினார்கள். அந்த நாடாவைப் பிடித்து நின்றவர்களில் ஒருத்தி, நான்கு வயதும் நிரம்பாத சிறுமி மேரி. அந்தச் சிறுமியின் தாயார்தான் ஜேன் ஜேக்கப்ஸ் அம்மையார்.

ஒரு பாதையை மூடியது பெரிய சாதனையா என்று கேட்கத் தோன்றும். எந்த நாட்டிலே மூடினார்கள் என்று பாருங்கள். மோட்டாரைத் தெய்வமாக்கி, அதற்குத் தேரோடும் வீதி சமைத்து, அந்த வீதிக்காக வீடுகளை இடித்து, வீட்டிலிருந்தோரை விரட்டிக்கொண்டிருந்த அமெரிக்காவிலே மூடினார்கள். யாரை எதிர்த்து மூடினார்கள் என்று பாருங்கள். கால் நூற்றாண்டாக நகரத்தைத் தன் கைப்பிடிக்குள் வைத்திருந்த ராபர்ட் மோசஸை எதிர்த்து மூடினார்கள். அந்தக் கதையைத்தான் நாம் சொல்லப் போகிறோம். அதற்கு முன் அம்மையார் எங்கிருந்து வந்தவர் என்று தெரிய வேண்டும்.

பென்சில்வேனியா மாநிலத்திலே ஸ்கிராண்டன் என்றோர் ஊர். நிலக்கரி ஊர். கரி வெட்டும் தொழிலாளியின் வேர்வையிலே வளர்ந்த ஊர். கரி விலை சாய்ந்தபோது தானும் சாய்ந்த ஊர். அங்கே 1916 மே 4 அன்று பிறந்தவர் ஜேன். தந்தையார் மருத்துவர், தாயார் ஆசிரியையாகவும் நர்சாகவும் வேலை பார்த்தவர். பெண்ணோ பள்ளிக்கூடத்தை அவ்வளவாக விரும்பாத பெண். 1933 இல் உயர்நிலைப் பள்ளியை முடித்தார். சுருக்கெழுத்துக் கற்றார். உள்ளூர் நாளேட்டிலே சம்பளமில்லாமல் வேலை செய்தார். பிறகு, இருபது வயதை எட்டுமுன்பே, தமக்கையாருடன் வாழ நியூயார்க் போய்ச் சேர்ந்தார். நாடெங்கும் பொருளாதார மந்தம். வேலை தேடி அலைவோர் கூட்டம் கூட்டமாக நின்ற காலம். காலையிலே வேலை தேடுவார்; மாலையிலே கால் போன போக்கிலே நடப்பார். ஒரு நாள் சுரங்க ரயிலிலிருந்து கிறிஸ்டோபர் தெரு நிலையத்திலே இறங்கினார். மேலே ஏறி வந்து பார்த்தார். வளைந்து செல்லும் தெருக்கள், சின்னச் சின்னக் கடைகள், வாயிற்படியில் அமர்ந்திருக்கும் மக்கள். கிரீனிச் வில்லேஜ் என்பது அந்தப் பகுதியின் பெயர். இங்கேதான் வாழ வேண்டும் என்று முடிவு செய்தார்.

செயலாளர் வேலை, சுருக்கெழுத்து வேலை, இடையிடையே எழுத்து வேலை. மென்மயிர்த் தோல் விற்கும் தெரு, வைர வியாபாரத் தெரு, பூக்கடைத் தெரு என்று ஒவ்வொரு தெருவாகச் சுற்றி அதனதன் தொழிலை விசாரித்துக் கட்டுரை எழுதி வோக் இதழுக்கு விற்றார். கொலம்பியா பல்கலைக் கழகத்தின் வெளிமாணவர் பிரிவிலே இரண்டாண்டுகள் தமக்குப் பிடித்ததைப் படித்தார், பட்டம் பெறவில்லை. பின்னாளிலே பல்கலைக் கழகங்கள் தாமே முன்வந்து கௌரவப் பட்டம் தர விரும்பியபோதும் வேண்டாம் என்று ஒதுக்கியவர் அவர். பட்டமிருந்தால்தான் பாமரனுக்குப் புத்தி சொல்லலாம் என்று எண்ணுவோர் இந்த இடத்திலே கொஞ்சம் நின்று செல்லலாம்.

இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, இரும்புத் தொழிலுக்கான இதழ் ஒன்றிலே பணி. 1943 இல் தம் சொந்த ஊர் ஸ்கிராண்டனைப் பற்றி எழுதினார்: வேலையற்ற சுரங்கத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கிலே காத்துக் கிடக்கிறார்கள், போர்த் தொழிற்சாலைகளை ஏன் அங்கே வைக்கக்கூடாது என்று கேட்டார். கட்டுரை பல ஏடுகளிலே மறுபடி வந்தது. ஊருக்கு விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையும் வந்தது. எழுத்தினால் ஏதேனும் நடக்குமா என்ற கேள்விக்கு அப்போதே அவருக்கு விடை கிடைத்துவிட்டது. பிறகு அரசாங்கத்தின் போர்ச் செய்தி அலுவலகம், அதன்பின் சோவியத் மக்களுக்காக அமெரிக்க அரசு நடத்திய ரஷ்ய மொழி இதழ். அங்கே இருந்தபோது தொழிற்சங்கத்திலே சேர்ந்தார். சும்மா விடுவார்களா? சிவப்பு நிறத்தைக் கனவிலே கண்டும் அலறிய காலமாயிற்றே! விசுவாசத்தைச் சந்தேகித்துக் கேள்வித்தாள் அனுப்பினார்கள். அம்மையார் 1952 இல் அளித்த பதில் பணிவு விண்ணப்பம் அல்ல. தாம் கம்யூனிஸ்ட் அல்லர் என்று சொன்னார். ஆனால் மாறுபட்ட கருத்தைப் பேசும் உரிமையும், சங்கம் சேரும் உரிமையும் தம் நாட்டின் மரபு என்றும், அதைப் பறிப்பதே ஆபத்து என்றும் எழுதிக் கொடுத்தார்.

1944 இல் ராபர்ட் ஜேக்கப்ஸ் என்ற கட்டடக்கலைஞரை மணந்தார். 1947 இல் ஹட்சன் தெருவிலே 555 ஆம் எண் கட்டடத்தை வாங்கினார்கள். கீழே ஒரு காலத்திலே மிட்டாய்க் கடை இருந்த பழைய கட்டடம். கௌரவமானவர்கள் புறநகர் போய்ப் புல்வெளி வைத்து வாழ்ந்த நாளிலே, இவர்கள் கப்பல்துறைத் தொழிலாளர்களுக்கும் கசாப்புக் கடைக்காரர்களுக்கும் நடுவே குடியேறிப் பிள்ளைகளை வளர்த்தார்கள். ஆண்மக்கள் இருவர், பெண் ஒருத்தி. அம்மையார் அலுவலகம் செல்வது சைக்கிளிலே.

1952 முதல் கட்டடக்கலை இதழ் ஒன்றிலே வேலை. நகரங்களைப் புதுப்பிக்கிறோம் என்று மேதைகள் தீட்டிய திட்டங்களைப் பார்வையிட்டு எழுதும் வேலை. முதலிலே அவரும் நம்பினார். படத்திலே எல்லாம் பளபளவென்று இருந்தது. பிலடெல்பியாவிலே நகரத் திட்டத் தலைவரே கூட வந்து காட்டினார். முதலிலே காட்டியது பழைய தெரு. இடிக்கப்பட வேண்டியது என்றார். அங்கே மக்கள் நெருங்கிக் கிடந்தார்கள். படிகளிலே பேச்சு, கடைகளிலே கூட்டம். அடுத்துக் காட்டியது புதிய தெரு. கட்டி முடித்த பெருமிதத்தோடு காட்டினார். அழகான தெரு, அகலமான தெரு, ஆளில்லாத தெரு! ஒரே ஒரு பையன் மட்டும் ஒரு டயரை உதைத்துக்கொண்டிருந்தான். மக்கள் எங்கே என்று கேட்டார் அம்மையார். அந்தக் கேள்வியிலே திட்டத் தலைவருக்கு அக்கறை இல்லை. அம்மையாருக்கோ அதைத் தவிர வேறு அக்கறை இல்லாமற் போயிற்று.

இனி மோசஸ். அவரை வெறும் கொடியவராகக் காட்டிவிட்டுப் போவது எளிது. நாம் அதைச் செய்யப் போவதில்லை. 1934 இல் நியூயார்க் நகரப் பூங்காக்களின் கமிஷனர் ஆனவர். விளையாட்டுத் திடல்கள் நூற்றுக்கணக்கிலே அமைத்தார். நீச்சல் குளங்கள் கட்டினார். கடற்கரைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். வேலையில்லாத் தொழிலாளர்க்கு அந்தப் பணிகளிலே கூலி கிடைத்தது. இதை மறுப்பது நேர்மையல்ல. ஆனால் அதிகாரம் ஒருவரிடம் ஆண்டுக்கணக்கிலே தங்கினால் என்னென்ன நடக்கும் என்பதற்கும் அவரே சாட்சி. ஒரே நேரத்திலே 12 பதவிகள் வரை வகித்தார். ஒரே ஒரு தடவை, 1934 இல், மாநில ஆளுநர் பதவிக்குத் தேர்தலிலே நின்றார், மக்கள் தோற்கடித்தார்கள். அதன் பிறகு மக்களிடம் போகவே இல்லை! பாலங்களிலே வசூலான சுங்கப் பணம் அவருடைய ஆணையத்தின் கஜானாவிலே குவிந்தது. அந்தப் பணம் இருக்கும்வரை மேயர்கள் வருவார்கள், மேயர்கள் போவார்கள், மோசஸ் இருப்பார். பிராங்ஸ் பகுதியிலே ஒரே ஒரு மைல் நெடுஞ்சாலைக்காக ஏறத்தாழ 1,500 குடும்பங்களை வெளியேற்றியவர் அவர். சாலையைச் சற்றே நகர்த்தினால் வீடுகள் தப்பும் என்று மக்கள் மன்றாடினார்கள். நகர்ந்தது சாலையல்ல, மக்கள்!

இன்னொரு வேடிக்கை. மோட்டாருக்காக இத்தனையும் செய்த அந்த மனிதர் வாழ்நாளிலே மோட்டார் ஓட்டக் கற்றுக்கொண்டவரே அல்லர். வேறொருவர் ஓட்டப் பின்னிருக்கையிலே அமர்ந்து கோப்பு பார்த்தவர்.

வாஷிங்டன் சதுக்கம் சுமார் 10 ஏக்கர் பூங்கா. வடக்குப் பக்கத்திலே வெண்சலவைக்கல் வளைவு. ஐந்தாம் அவென்யூ என்னும் செல்வர் வீதி அந்த வளைவின் முன்னே வந்து முடியும். முடிய வேண்டிய வீதி முடியாமல் பூங்காவின் நடுவே புகுந்து சென்றது. பேருந்துகள் பூங்காவுக்குள்ளேயே வந்து திரும்பின. குழந்தை விளையாட, கிழவர் சதுரங்கம் ஆட, பாணர் பாட, நடுவே பஸ் புகை! மோசஸுக்கு இதுவும் போதவில்லை. பூங்காவின் தெற்கே பழைய குடியிருப்பை இடித்துப் புதிய அடுக்குமாடிகள் எழுப்பும் திட்டம் இருந்தது. கட்டுகிறவர்களுக்கு ஐந்தாம் அவென்யூ என்ற முகவரி கிடைக்கும் என்று வாக்களித்திருந்தார். முகவரி என்றால் வாடகை உயரும் அல்லவா? ஆகவே பூங்காவைப் பிளந்து சாலை போக வேண்டும்.

1952 இல் இதை முதலிலே எதிர்த்துக் கிளம்பியவர் ஜேன் அல்லர். ஷெர்லி ஹேய்ஸ் என்ற தாய். நான்கு ஆண்பிள்ளைகளைப் பெற்றவர். ஈடித் லயன்ஸ் என்ற மற்றொரு தாயும் உடன் நின்றார். பிள்ளைகளைப் பூங்காவிலே விளையாட விட்டவர்கள் கையெழுத்து வாங்கத் தொடங்கினார்கள். புகழ் பின்னாளிலே ஜேன் அம்மையாருக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் ஹேய்ஸ் அம்மையார் ஆண்டுக்கணக்கிலே வீடு வீடாக ஏறி இறங்கியதை மறைத்து வரலாறு எழுதினால் அது வரலாறே அல்ல. ஒரே கோரிக்கையிலே அவர் உறுதியாக நின்றார்: சிறிய சாலையும் வேண்டாம், பெரிய சாலையும் வேண்டாம், சாலையே வேண்டாம்!

ஜேன் 1955 இல் மேயருக்குக் கடிதம் எழுதினார். பிறகு இயக்கத்திலே சேர்ந்தார். பூங்காவை உயர்த்த நகரம் முயல வேண்டிய நேரத்திலே குலைக்க முயல்கிறதே என்று அவருக்கு ஆத்திரம். ஆனால் ஆத்திரத்தோடு நிற்கவில்லை. அமைப்பு வேலைக்கு வந்தார். இங்கேதான் நம் தோழர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் இருக்கிறது.

மோசஸ் 48 அடி அகலச் சாலை கேட்டார். மன்ஹாட்டன் பகுதித் தலைவர் ஹுலான் ஜாக் நடுநிலையாளர் போல வந்து, 36 அடியாகக் குறைத்துக்கொள்ளலாமே என்றார். நல்லவர்கள் சிலர் மயங்கினார்கள். கழுத்திலே போடும் கயிற்றின் பருமனைக் குறைப்பது சமரசமா? மயங்கியவர்களை மீட்டுக் கொண்டுவர ஒரு வழி தேவைப்பட்டது. 1958 இல் ரேமண்ட் ரூபினோ என்பவர் தலைமையிலே புதிய கூட்டுக்குழு எழுந்தது. குழுவின் பெயரிலேயே கோரிக்கை: வாஷிங்டன் சதுக்கத்தைப் போக்குவரத்துக்கு மூடுவதற்கான கூட்டு அவசரக் குழு. வேறு எதற்கும் அந்தக் குழுவிலே இடமில்லை. நீ எந்தக் கட்சி? தேவையில்லை. வேறு எந்தப் பிரச்சினையிலே என்ன கருத்து? தேவையில்லை. சதுக்கத்தை மூட வேண்டுமா? ஆம் என்றால் வா, கையெழுத்துப் போடு! பெயரைப் படித்தவனுக்குக் குழுவின் கொள்கை முழுவதும் தெரிந்துவிடும். ஏமாற்ற முடியாது, ஏமாறவும் முடியாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. நிரந்தரமாக மூடு என்று கேட்டால் அதிகாரிகள் ஆண்டுக்கணக்கிலே ஆராய்ச்சி நடத்துவார்கள். ஆகவே, ஆராய்ச்சி நடக்கட்டும், அது முடியும்வரை சோதனையாக மூடிப் பாருங்கள் என்று கேட்டார்கள். மறுப்பதற்குக் காரணம் தேட வேண்டியவர் அதிகாரி என்று ஆயிற்று!

கூட்டாளிகளும் சேர்ந்தார்கள். ஜனாதிபதியின் மனைவியாராக இருந்த எலினார் ரூஸ்வெல்ட், நகரங்களைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற லூயிஸ் மம்போர்ட், மானிடவியல் அறிஞர் மார்கரெட் மீட் ஆகியோர் ஆதரித்தார்கள். 1955 இல் தொடங்கியிருந்த வில்லேஜ் வாய்ஸ் என்ற உள்ளூர் வார ஏடு விடாமல் எழுதியது. ஊருக்கு ஓர் ஏடு இருப்பதன் பயன் இப்படிப்பட்ட நேரத்திலேதான் தெரியும். பிள்ளைகள் சும்மா இருந்தார்களா? வார இறுதிகளிலே பூங்காவிலே சுவரொட்டி பிடித்தார்கள், மனுவை நீட்டினார்கள்.

ஆனால் அறிஞர் கையெழுத்தும் ஆரணங்குகள் கண்ணீரும் மட்டும் கோட்டையைத் திறந்துவிடுவதில்லை. உள்ளேயிருந்து தாழ் திறக்க ஓர் ஆள் வேண்டும். கார்மைன் டி சாப்பியோ என்பவர் டாமனி ஹால் என்ற பழம்பெரும் கட்சி இயந்திரத்தின் தலைவர். நகரத்து ஜனநாயகக் கட்சி அவர் விரலசைவிலே இயங்கியது. அவரும் கிரீனிச் வில்லேஜ்வாசி! தேர்தல் ஆண்டு, வாக்கு அந்தத் தெருக்களிலேதான் இருக்கிறது. காங்கிரசுக்குப் போட்டியிட்ட குடியரசுக் கட்சி இளைஞர் ஜான் லிண்ட்சேயும் சதுக்கத்தை மூடும் பக்கம் நின்றார். இரண்டு கட்சியாரும் ஒரே பக்கம் வந்து நிற்க வேண்டிய நிலையை உண்டாக்கினார்கள் அந்தத் தாய்மார். 1958 செப்டம்பரிலே நகர மதிப்பீட்டு மன்றத்தின் விசாரணையிலே டி சாப்பியோ நேரில் வந்து மக்களுக்காகப் பேசினார். மேயரும் ஐந்து பகுதித் தலைவர்களும் அமர்ந்த அந்த மன்றத்திலே பாதிப்பேர் அவருக்குக் கடன்பட்டவர்கள். பிறகு என்ன?

அந்த விசாரணையிலே மோசஸ் கொதித்தெழுந்தார் என்று ஜேன் அம்மையார் பின்னாளிலே நினைவு கூர்ந்ததுண்டு. இதை எதிர்ப்பவர் யாருமே இல்லை, ஒரு கூட்டம் தாய்மாரைத் தவிர என்று சீறிவிட்டு வெளியேறினாராம். தாய்மார் என்பதை வசவாக எண்ணிய அந்த அதிகாரத் திமிரை என்னவென்பது!

மன்றம் சோதனை மூடலுக்கு உத்தரவிட்டது. நவம்பரிலே நாடா கட்டினார்கள். அப்போது போக்குவரத்து அதிகாரிகள் ஆரூடம் சொன்னார்கள்: பூங்காவிலே தடுத்தால் மோட்டார் வெள்ளம் சுற்றியுள்ள தெருக்களிலே பாயும், நெரிசல் கழுத்தை முறிக்கும், நீங்களே வந்து திறந்துவிடு என்று கெஞ்சுவீர்கள் என்றார்கள். நாட்கள் சென்றன. வெள்ளம் வரவில்லை. சுற்றுத் தெருக்களிலே நெரிசல் பெருகவில்லை. ஓடிய மோட்டார்கள் எங்கே போயின? இந்தக் கேள்வியைத் தாம் எழுதிய நூலிலே அம்மையார் விரிவாக ஆராய்ந்தார். மோட்டார் ஓட்டம் குழாயிலே ஓடும் தண்ணீர் அல்ல, ஒரு குழாயை அடைத்தால் மறு குழாயிலே பீறிட. ஓட்டுவதா வேண்டாமா என்று மனிதன் முடிவு செய்கிறான். வழி எளிதானால் வண்டியை எடுக்கிறான், வழி கடினமானால் நடக்கிறான், ரயில் ஏறுகிறான், அல்லது போகாமலே இருந்துவிடுகிறான். சாலையை அகலமாக்கு, வண்டி பெருகும். வண்டி பெருகியதால் மறுபடி அகலமாக்கு, மறுபடி பெருகும். ஒவ்வொரு தடவையும் சிறு கடிதான். இங்கே நடைபாதையிலே ஓரடி, அங்கே ஒரு மூலைக்கடை, அப்பால் ஒரு பூங்கா. கடித்துக் கடித்துக் கடைசியிலே நகரம் மிஞ்சாது, நிறுத்துமிடம்தான் மிஞ்சும். நகரத்தை மோட்டார் அரிப்பதற்குப் பதிலாக, மோட்டாரை நகரம் தேய்க்கட்டும் என்றார்.

1959 இல் மூடல் நிரந்தரமாயிற்று. பேருந்துகள் மட்டும் பூங்காவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தன. 1963 இல் அவையும் வெளியேறின.

மோட்டாரை விரட்டிவிட்டால் போதும், சொர்க்கம் வந்துவிடும் என்று அம்மையார் சொன்னாரா? இல்லை. 1958 இல் பார்ச்சூன் இதழிலே நகர நடுப்பகுதிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். டெக்சாஸிலே போர்ட் வொர்த் நகரத்தின் நடுப்பகுதியை நடப்போர்க்கே விட்டுவிடும் திட்டம் ஒன்றை விக்டர் குரூவன் என்ற கட்டடக்கலைஞர் 1956 இல் தீட்டியிருந்தார். அது நிறைவேறவே இல்லை. அதைப் பாராட்டிய அம்மையார், அதைக் காப்பியடிக்கப் புறப்பட்ட ஊர்களுக்கு எச்சரிக்கையும் விடுத்தார். வண்டியைத் தடுத்து, மலர்த்தொட்டி வைத்து, நாற்காலி போட்டால் தெரு உயிர் பெறாது. கடை வேண்டும், காப்பி ஓட்டல் வேண்டும், பழைய கட்டடமும் புதிய கட்டடமும் கலந்து நிற்க வேண்டும், காலையிலே ஒரு சாரார், மாலையிலே ஒரு சாரார் என்று ஆட்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூடிய தெரு, சுடுகாட்டுத் தெருதான். பின்னாளிலே அமெரிக்காவிலே நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் நடைத் தெரு அமைத்தன. அவற்றிலே பெரும்பாலானவை வெறிச்சோடி, மறுபடி வண்டிக்கே திறக்கப்பட்டன. அம்மையாரின் எச்சரிக்கை 1958 இலேயே அச்சாகியிருந்தது.

1960 இல் போர் அவர் வீட்டு வாயிற்படிக்கே வந்தது. ஹட்சன் தெருவை அகலமாக்க இரு பக்க நடைபாதைகளையும் வெட்ட நகராட்சி தீர்மானித்தது. பிள்ளைகளும் அண்டை வீட்டாரும் மனுவோடு கிளம்பினார்கள், நடைபாதை பிழைத்தது. நடைபாதைக்காகவா இவ்வளவு ஆரவாரம்? அம்மையாரைக் கேட்டால் நடைபாதைதான் ஊரின் உயிர்நாடி. காலையிலே கடைக்காரர் கதவு திறப்பது, பிள்ளைகள் பள்ளிக்கு ஓடுவது, மாலையிலே துறைமுகத் தொழிலாளி மதுக்கடை வாசலிலே நிற்பது, இரவிலே ஜன்னலோரம் யாரோ ஒருவர் விழித்திருப்பது. இத்தனை கண்கள் தெருவிலே இருக்கும்போது போலீஸ்காரன் செய்ய முடியாத காவலை ஊரே செய்துவிடுகிறது. நம் திண்ணையிலே கிழவி உட்கார்ந்திருந்தால் தெருவிலே திருடன் புகமாட்டான் என்பது நமக்குப் புதிய செய்தியல்ல. ஆனால் அதை நகரத் திட்ட மேதைகளுக்கு எடுத்துச் சொல்ல ஒரு புத்தகம் வேண்டியிருந்தது. 1961 இல் அந்தப் புத்தகம் வெளிவந்தது: அமெரிக்கப் பெருநகரங்களின் இறப்பும் வாழ்வும். மேதைகள் மிரண்டார்கள். ஆதரித்த மம்போர்டே அடுத்த ஆண்டு நியூயார்க்கர் இதழிலே நீண்ட கண்டனம் எழுதினார். அதனாலென்ன? அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நகரத் திட்டம் படிக்கும் மாணவன் கையிலே அந்தப் புத்தகம் இருக்கிறது.

புத்தகம் அச்சாகும் முன்பே, 1961 பிப்ரவரியிலே, அம்மையார் வாழ்ந்த மேற்கு வில்லேஜின் 14 தெருக்கட்டுகளைச் சேரி என்று குறித்து இடிக்க ஆராய்வதாக நகரம் அறிவித்தது. எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுக் களத்திலே இறங்கினார். வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். சேரி என்பது பொய் என்று நிறுவினார்கள். ஓராண்டுக்குள் நகரம் பின்வாங்கியது.

அதைவிடப் பெரிய போர் மன்ஹாட்டனின் கீழ்ப்பகுதி நெடுஞ்சாலை. மேற்கே ஹாலண்ட் சுரங்கப்பாதையிலிருந்து கிழக்கே இரண்டு பாலங்கள் வரை, புரூம் தெருவை விழுங்கி, தலைக்கு மேலே பத்துத் தட வண்டிப் பாதை! ஏறத்தாழ 2,000 குடும்பங்களும் 800 தொழிலகங்களும் வெளியேற வேண்டும். அந்தத் தொழிலகங்கள் யாருடையவை? சிறு பட்டறைகள், தையல் கூடங்கள், கிடங்குகள். அவற்றிலே வேலை செய்தவர்கள் பிற வேலை எளிதிலே கிடைக்காத ஏழைகள். 1962 இல் அத்தெருவின் கத்தோலிக்கக் கோயில் பாதிரியார் ஜெரார்ட் லா மவுண்டன் அம்மையாரை அழைத்தார். இத்தாலியத் தொழிலாளிகளும் ஓவியர்களும் கடைக்காரர்களும் ஒன்று சேர்ந்தார்கள். அந்த டிசம்பரிலே மதிப்பீட்டு மன்றம் திட்டத்தை நிராகரித்தது. செத்தது என்று எண்ணினார்கள்; பிணம் எழுந்தது. சதுக்கத்துக்காக நின்ற லிண்ட்சே மேயரானதும் நெடுஞ்சாலைக்கு வேறு உடை தைத்து மறுபடி கொண்டுவந்தார். வாக்குக் கேட்கும்போது ஒரு முகம், வந்து அமர்ந்தபின் வேறு முகம். இது எந்த நாட்டுக்கும் தனிச்சொத்தல்ல.

1968 ஏப்ரல் 10. ஒரு பள்ளிக்கூட மண்டபத்திலே பொது விசாரணை. விசாரணை என்பது பெயர். முடிவு முன்பே எடுத்தாயிற்று. ஒலிபெருக்கி கூட மக்களை நோக்கி வைக்கப்பட்டிருந்தது. பேசுபவர் அதிகாரிகளைப் பார்க்காமல் தம்மவரையே பார்த்துப் பேச வேண்டிய கோலம். அம்மையார் மேடையேறினார். மக்களும் ஏறினார்கள். சுருக்கெழுத்துப் பொறியின் தாள்சுருள் சிதறியது. பதிவு இல்லையேல் விசாரணையே நடக்கவில்லை என்று அறிவித்தார். கைது! ஐம்பத்திரண்டு வயதை நெருங்கிய அந்த எழுத்தாளர் மீது கலவரம், கலவரத்தைத் தூண்டுதல் என்று குற்றங்களை அடுக்கினார்கள். முடிவிலே ஒழுங்கீனமாக நடந்துகொண்டார் என்ற சிறு குற்றமாகச் சுருங்கிற்று. நெடுஞ்சாலையோ 1969 இல் நகரப் படத்திலிருந்தே அழிக்கப்பட்டது. 1968 லேயே மோசஸின் அதிகாரமும் அஸ்தமித்திருந்தது.

அந்த 1968 லேயே அம்மையார் நியூயார்க்கை விட்டார். வியட்நாம் போரை எதிர்த்தவர் அவர். ஆள் சேர்ப்பை எதிர்த்து மறியல் செய்து 1967 இல் கைதானவர். ஆண்மக்கள் இருவரும் போருக்கு இழுக்கப்படும் வயது. குடும்பமே கனடா நாட்டு டொரான்டோவுக்குப் போயிற்று. போன இடத்திலே அமைதியாக இருந்தாரா? அங்கேயும் ஒரு நெடுஞ்சாலை காத்திருந்தது! ஸ்பாடினா விரைவுச்சாலை, குடியிருப்புகளைப் பிளந்து நகர நடுப்பகுதிக்கு வரத் திட்டம். மறுபடியும் கூட்டம், மறுபடியும் மனு. 1971 ஜூன் 3 அன்று ஒன்டேரியோ முதல்வர் பில் டேவிஸ் திட்டத்தைக் கைவிட்டார். வெட்டுண்ட பாம்பு போல அந்தச் சாலை எக்ளிண்டன் அவென்யூவிலே நின்றுபோனது.

குறை சொல்வோர் சொல்லும் ஒன்றையும் இங்கே வைக்க வேண்டும். தொழிலாளித் தோழர்களிடம் அதை மறைப்பது அழகல்ல. அம்மையார் காத்த கிரீனிச் வில்லேஜிலே இன்று கப்பல்துறைத் தொழிலாளி குடியிருக்க முடியாது. இடிபடாமல் தப்பிய வீடுகளைப் பணம் படைத்தவர்கள் வாங்கினார்கள். வாடகை வானத்தைத் தொட்டது. தெரு பிழைத்தது, தெருவிலே வாழ்ந்த ஏழை பிழைத்தானா? அம்மையாரின் நூலிலே இந்தக் கேள்விக்கு முழு விடை இல்லை. கறுப்பு மக்களுக்கு வீடு மறுக்கப்பட்ட கொடுமையைத் தொட்டாலும், அதன் ஆழத்துக்குப் போகவில்லை என்பதும் நம் எண்ணம். ஆனாலும் இதை அவர் தலையிலே கட்டுவது சரியல்ல. இடிப்புத் திட்டம் வென்றிருந்தால் அந்தத் தொழிலாளி அன்றைக்கே வெளியேறியிருப்பான். மேற்கு வில்லேஜைக் காத்த கையோடு, அங்கேயே நடுத்தர வருவாய்க் குடும்பங்களுக்குக் குறைந்த உயரத்திலே, ஒருவரையும் வெளியேற்றாமல் வீடுகள் கட்டத் திட்டம் கொடுத்தவர்களும் அம்மையாரும் அவர் அண்டை வீட்டாருமே. நகராட்சி இழுத்தடித்தது, எழுபதுகளிலேதான் அவ்வீடுகள் எழுந்தன, அதுவும் செலவைச் சுருக்கி மொட்டையாக.

1974 இல் கனடாக் குடியுரிமை பெற்றார். நகரங்களின் பொருளாதாரம் பற்றி மேலும் நூல்கள் எழுதினார். மோசஸ் 1981 இல் மறைந்தார். ஜேன் அம்மையார் டொரான்டோவிலே 2006 ஏப்ரல் 25 அன்று, தொண்ணூறாவது பிறந்த நாளுக்குச் சில நாட்களே இருக்கும்போது கண்மூடினார். அவருக்குச் சிலை வைக்கலாமா என்று நண்பர்கள் யோசித்துக் காலம் கடத்தவில்லை. அடுத்த ஆண்டு மே மாதம் டொரான்டோவிலே அவர் பெயரால் நடைகள் தொடங்கின: அந்தந்தத் தெருக்காரரே முன்னே நடந்து, தம் தெருவின் கதையை அண்டை அயலாருக்குச் சொல்லிக்கொண்டு போவார், கட்டணம் கிடையாது. இப்போது பல நாடுகளின் நகரங்களிலே, ஆண்டுதோறும் மே மாதத்தின் தொடக்கத்திலே, அப்படி நடக்கிறார்கள்.